யாருக்குச் செய்தி போக வேண்டும்?

பக்கத்து வீட்டுக் கெட்டிலின் 'டக்' சத்தம் கேட்பதற்குள் தன் கெட்டில் பொத்தானை அழுத்திவிட வேண்டும் என்று ஹிசாயோ அரைத்தூக்கத்திலேயே எழுந்து சமையலறைக்கு ஓடுகிறாள். பல் தேய்ப்பதெல்லாம் பிறகுதான். எழுபத்து மூன்று வயதில் அவளை இப்படி ஓட வைத்தது பொறாமை, வேறொன்றுமில்லை.

பக்கத்து வீட்டுத் தோமிகோவின் கெட்டில் சாதாரணக் கெட்டில் அல்ல. அவள் வெந்நீர் வைத்தால் நகோயாவில் இருக்கும் மகனுக்குச் செய்தி போகும்: அம்மா தேநீர் குடித்துவிட்டார். மகன் உடனே, குனிந்து வணங்கும் கரடிப் படம் ஒன்றை அனுப்புவான். தொயாமாவில் அவர்கள் குடியிருப்பு முழுவதும் அந்தக் கரடியைப் பார்த்தாகிவிட்டது.

"நிம்மதியா ஒரு வாய் டீ குடிக்க விடறானா, ஹிசாயோசான்! அரை மணி லேட்டானா போன் பண்ணிடறான். ஒரே தொல்லை, போங்க!"

"ஆமாமா, தொல்லைதான்" என்பாள் ஹிசாயோ. சப்போரோவில் இருக்கும் அவள் மகள் ஃபுமியே கடைசியாகப் பேசியது ஆகஸ்ட் மாத ஓபோன் விடுமுறையில். இப்போது ஜனவரி.

ஹிசாயோவுக்கு எதிலும் தோற்கப் பிடிக்காது. குப்பை நாளில் முதல் பை அவளுடையதாக இருக்க வேண்டும். முள்ளங்கி ஊறுகாயைக்கூடத் தோமிகோவைவிட மெல்லிசாக நறுக்குவாள். கெட்டிலை மட்டும் விட்டுவிடுவாளா? அதே மாதிரி ஒன்று வாங்கக் கடைக்குப் போனாள். 'யாருக்குச் செய்தி போக வேண்டும்?' என்று படிவத்தில் ஒரு கட்டம். விற்பனைப் பெண் எதிரிலேயே நின்றாள். மகளைக் கேட்டால், "எதுக்கும்மா இதெல்லாம்?" என்பாள். யாருமில்லை என்று எழுத மானம் இடம் தரவில்லை. ஃபுமியே என்று பெயர் எழுதினாள். எண் மட்டும் தன்னுடையது.

அன்றிலிருந்து அவள் கைப்பேசிக்கே செய்தி வருகிறது: 'ஃபுமியே அவர்களே, உங்கள் அம்மா 6:52க்குத் தேநீர் தயாரித்தார்.' மகளின் பதில்போல ஒரு முயல் படத்தைத் தனக்குத் தானே அனுப்பி, தூரத்திலிருந்து தோமிகோவுக்குக் காட்டினாள். "எம் பொண்ணு அனுப்பினது. கரடியெல்லாம் பழசாம்."

நேற்று ஹிசாயோ எழுவதற்குள்ளேயே தோமிகோ மோச்சி என்னும் அரிசி அப்பம் சுட்டுவிட்டு வந்து கூப்பிட்டாள். பேச்சு சுவாரஸ்யத்தில் ஹிசாயோ அங்கேயே மூன்று கோப்பை தேநீர் குடித்தாள். தன் கெட்டிலை மறந்தே போனாள். பத்து மணிக்குக் கைப்பேசி அலறியது. தோமிகோ கண்ணாடியைத் தேடுவதற்குள் ஹிசாயோ வெடுக்கென்று எடுத்து மனதுக்குள் படித்தாள்: 'ஃபுமியே அவர்களே, உங்கள் அம்மா இன்று கெட்டிலைத் தொடவில்லை. ஒருமுறை அழைத்து விசாரியுங்கள்.'

"யாரு, மகளா?"

"ஆமா. நான் டீ குடிக்கலன்னு பதறிப் போயிட்டா. வீட்டுக்குப் போன் பண்ணப் போறாளாம். நான் கிளம்பறேன்."

"கையிலதான் போன் இருக்கே. இதுலயே பேசலாமே?"

"அதெல்லாம் கேக்க மாட்டா. வீட்டுப் போன நான் எடுத்தாத்தான் அவளுக்கு நம்பிக்கை."

வீட்டுக்கு வந்தவள் கெட்டில் பக்கம் போகவில்லை. பனி உள்ளே கொட்டினாலும் பரவாயில்லை என்று தோமிகோ வீட்டுப் பக்க ஜன்னலை அகலத் திறந்தாள். கைப்பேசியில் தன் வீட்டு எண்ணையே அழுத்தினாள். அலமாரி மேலிருந்த தொலைபேசி கணகணவென்று அடித்தது. ஆறு முறை அடிக்கவிட்டு எடுத்தாள். ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டு உரக்கச் சொன்னாள்:

"எனக்கென்னடி, நல்லாத்தான் இருக்கேன்!"