மிச்சத் துணிப் பிறந்தநாள்

எங்கள் டெய்லரைப் பற்றிக் கேட்டால், வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவள் என்பார்கள். பக்கத்தில் நகல் எடுக்கும் கடைக்காரர் சொல்வார், எதிரில் சாவி செய்பவர் சொல்வார், துணி தாமதமானதற்குச் சண்டை போட வந்து போடாமலே திரும்பிய பெண்களும் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். அவள் கடை திறந்த நாளிலிருந்து அங்கே உட்கார்ந்து பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிறேன், பட்டன் தைக்கிறேன், இஸ்திரி போட்டு மடிக்கிறேன். அவளுக்குக் கடிக்கத் தெரியும். ஒரே ஒரு தடவை பார்த்தேன். பார்த்ததைச் சொல்லாமல் வைத்துக்கொள்ள நான் ஒன்றும் பீரோ இல்லை.

பதினைந்து வயதில் ஒரு சட்டைக் கம்பெனியில் காலர் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவள். நாள் முழுக்கக் காலர், காலர், காலர்தான். "முழுச் சட்டை எப்படி இருக்கும்னு பாக்கவே எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு காஜாக்கா" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். அப்புறம் வேன் ஓட்டுகிறவரைக் கல்யாணம் செய்துகொண்டு, தெருமுனையில் இந்தக் குறுகிய கடையைப் பிடித்தாள். இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேஜை, அளவு எடுக்க ஒரு திரை. அவள் கத்தரிக்கோலை யாரும் தொடக் கூடாது. ஒருநாள் அதில் பால் பாக்கெட் வெட்டிய புருஷனிடம் வாரக் கணக்கில் பேசவில்லை. அவள் கோபம் அவ்வளவுதான். கத்த மாட்டாள், அழ மாட்டாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த துணியை எடுப்பாள்.

அவள் வாழ்க்கையில் ஒரு முள் உண்டு. ஓரகத்தி. புருஷனுடைய அண்ணன் மனைவி. நாங்கள் கடையில் அவளைப் 'பெரியவள்' என்போம். வேறு பெயர்களும் வைத்திருக்கிறேன், அவை இங்கே வேண்டாம்.

அந்தக் குடும்பத்தில் ஒரு பழக்கம். வருடக் கடைசி விடுமுறையில் எல்லோரும் அண்ணன் வீட்டில் கூட வேண்டும். கூடுகிற அன்றைக்கு எல்லோரும் ஒரே துணியில் தைத்துப் போட வேண்டும். ஆண்களுக்குச் சட்டை, பெண்களுக்கு நீளச் சட்டை, குழந்தைகளுக்குக் கவுனோ டவுசரோ. "பாத்தாலே ஒரே வீடுன்னு தெரியணும்" என்று பெரியவள்தான் இதை ஆரம்பித்தாள். துணி எடுப்பது அவள். தைப்பது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டெய்லருடைய மகள், எங்கள் வாலு, அந்த வாரத்தில்தான் பிறந்தாள். அதனால் அவள் பிறந்தநாளையும் அதே நாளில், அதே ஹாலில் முடித்துவிடுவார்கள். "தனியா எதுக்கு? கேக் ஒண்ணு சேத்து வச்சாப் போச்சு" என்பாள் பெரியவள். பிள்ளை பிறந்ததிலிருந்து இப்படித்தான்.

துணி வந்ததும் போனும் வந்துவிடும். "முதல்ல மேஜைக்கு விரிப்பு வெட்டு, அதுதான் வர்றவங்க கண்ணுல படும். அப்புறம் ஆம்பளைங்களுக்கு. அப்புறம் எனக்கு, கொஞ்சம் தாராளமா வை. மிச்சத்துல உன் பொண்ணுக்குத் தைச்சுக்கோ." ஒவ்வொரு வருடமும் துணி பத்தாது. பத்தாது என்று சொன்னால் ஒரு பதில் தயாராக இருக்கும்: "குழந்தைதானே, ஒட்டுப் போட்டா தெரியவா போகுது?"

மேஜைக்கு முழுத்துணி, பிறந்தநாள் பிள்ளைக்கு ஒட்டு. எனக்கு வயிறு எரியும். டெய்லர் நூலைக் கடித்துவிட்டு அடுத்த துணியை எடுப்பாள்.

வாலுவின் நான்காவது பிறந்தநாளுக்குப் பெரியவள் கிளி போட்ட துணி அனுப்பினாள். கிளியெல்லாம் ஒரே பக்கம் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். இப்படிப்பட்ட துணியில் ஒரு தொல்லை உண்டு. எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வைத்துத்தான் வெட்ட வேண்டும், அதனால் துணி அதிகம் பிடிக்கும். மிச்சத்தில் வெட்டினால் திருப்பி வைத்துத்தான் ஆக வேண்டும். வாலுவின் கவுனில் கிளிகள் தலைகீழாகத்தான் வந்தன. பிள்ளை அதைக் கவனிக்கவே இல்லை. புதுக் கவுன் என்று சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டு போனாள்.

அன்றைக்கு நானும் போயிருந்தேன். கடைசி நேரத்தில் யாருக்காவது பட்டன் தெறித்தால் தைக்க ஆள் வேண்டுமே. கேக் வைத்தாகிவிட்டது, உறவுக்காரர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்தாகிவிட்டது. பெரியவள் பிள்ளையைப் பார்த்தாள். ஒட்டு யாருக்குமே தெரியாது என்று வருடா வருடம் சொன்னவள், அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"ஏண்டி, உன் கிளி எல்லாம் செத்துத் தொங்குதே."

ஹாலே சிரித்தது. வாலு குனிந்து தன் கவுனைப் பார்த்தாள். ஒவ்வொரு கிளியாகப் பார்த்தாள். அப்புறம் மேஜை விரிப்பைத் தூக்கிக்கொண்டு அடியில் போய்விட்டாள். அந்த விரிப்பில் கிளிகள் எல்லாம் ஜம்மென்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தன.

கூப்பிட்டுப் பார்த்தோம், வரவில்லை. "நேரமாகுது, எல்லாரும் பசியோட இருக்காங்க" என்று பெரியவளே கத்தியை எடுத்துக் கேக்கை வெட்டினாள். டெய்லர் மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பிள்ளையோடு உட்கார்ந்துகொண்டாள். வேன்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குத் திரும்பும்போது, "விடும்மா, குடும்பம்னா நாலும்தான் இருக்கும்" என்றார். நாலில் ஒன்றாவது இவர்கள் பக்கம் இருக்கக் கூடாதா என்று நான் கேட்டேன். வேனை இன்னும் வேகமாக ஓட்டினார்.

அதற்குப் பிறகு வாலுவுக்கு ஒரு பழக்கம் வந்தது. பள்ளி விட்டுக் கடைக்கு வந்ததும், மேஜையில் இருக்கிற ஒவ்வொரு துணியையும் தொட்டுப் பார்த்து, "அம்மா, இது உயிரோட இருக்கா, செத்துப்போச்சா?" என்று கேட்பாள். பூப் போட்ட துணிக்கும் கேட்பாள், கோடு போட்ட துணிக்கும் கேட்பாள். வாடிக்கையாளர்கள் விஷயம் தெரியாமல் சிரிப்பார்கள். டெய்லர் சிரிக்க மாட்டாள். "உயிரோடதான் இருக்கு" என்று ஒவ்வொரு தடவையும் பதில் சொல்வாள். அடுத்த விடுமுறை நெருங்கும்போது பிள்ளை தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "எனக்குப் பிறந்தநாள் வேண்டாம். பெரியம்மா வீட்டுக்கு வரமாட்டேன்."

ஐந்து வயது ஆகப்போகிற பிள்ளை தன் பிறந்தநாளை வேண்டாம் என்கிறது. கையில் இருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்தேன். "நான் போய் அவளை நாலு கேள்வி கேக்கட்டுமா?" என்றேன்.

"வேண்டாம் காஜாக்கா" என்றாள் டெய்லர். "துணி வரட்டும்."

துணி வந்தது. இந்தத் தடவை மீன். நீலத்தில் ஆரஞ்சு மீன்கள், எல்லாம் முதுகு மேலே, வயிறு கீழே, ஒரே திசையில் நீந்துகின்றன. கூடவே போனும் வந்தது, அதே பாட்டு. மேஜைக்கு முதலில், எனக்குத் தாராளமாக, மிச்சத்தில் உன் பொண்ணுக்கு. "சரிக்கா, நீங்க சொன்ன மாதிரி மேஜைக்கு முதல்ல வெட்டிடறேன்" என்றாள் டெய்லர். மற்றதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. அதை நான் மட்டும்தான் கவனித்தேன்.

விரிப்பை வெட்டினாள். பிறகு வாலுவைத் தூக்கி மேஜை மேல், துணிக்கு நடுவில் உட்கார வைத்தாள்.

"பாரு, எல்லாம் உயிரோட இருக்கா?"

பிள்ளை மண்டிபோட்டுப் பார்த்தது. "எல்லாம் இருக்கு."

"உன் நெஞ்சுல எந்த மீன் வரணும்?"

வாலு ரொம்ப நேரம் யோசித்து ஒரு கொழுத்த மீனைக் காட்டினாள். டெய்லர் அதைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டாள். கவுனுக்குத் தேவையான துணியைக் கஞ்சத்தனம் இல்லாமல், சுற்றினால் குடையாக விரிகிற மாதிரி வெட்டினாள். அப்புறம் ஆண்களுக்கு, மாமனாருக்கு, அண்ணன் பிள்ளைக்கு, தனக்கு. கடைசியாகப் பெரியவளுக்கு.

"ஏம்மா, முன்பக்கத்துக்குத்தான் இருக்கு. முதுகுக்குப் பத்தாதே" என்றேன்.

"பத்தாதுன்னு எனக்கும் தெரியும்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் துண்டுகளைப் பொறுக்கி, திருப்பி வைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். இவள் மிரளக்கூட இல்லை, அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிதானமாக வேலை பார்த்தாள். எழுந்து போய் இரண்டு பேருக்கும் டீ வாங்கி வந்தேன்.

அவள் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு சட்டை தைத்ததில்லை. முன்பக்கம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். காலர் கத்தி மாதிரி நிற்கிறது, மீன்கள் கம்பீரமாக நீந்துகின்றன. பின்பக்கம் முழுக்க ஒட்டு. ஒட்டிலும் ஒரு நூல் பிசகவில்லை, மடிப்பு ஏறவில்லை. தையலில் குறை சொல்லவே முடியாது. மீன்தான் செத்திருந்தது, ஒன்று பாக்கியில்லாமல்.

நான் அதை இஸ்திரி போட்டு, முன்பக்கம் தெரிய மடித்து, குண்டூசி குத்தினேன். கூடுகிற அன்றைக்கு வேண்டுமென்றே தாமதமாகத்தான் கொண்டுபோனோம். வாலு வரும் வழியெல்லாம் தன் நெஞ்சு மீனைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வாசலிலேயே பெரியவள் நின்றாள்.

"இப்பவா வர்றது? எல்லாரும் வந்தாச்சு."

"மன்னிச்சுக்கோங்கக்கா, கடைசியா உங்களுடையதுதான் முடிஞ்சுது" என்றாள் டெய்லர். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

பெரியவள் உள்ளே போய் அவசரமாக மாட்டிக்கொண்டாள். கண்ணாடியில் முன்னழகைப் பார்த்து முகம் மலர்ந்ததைக் கதவோரம் நின்று பார்த்தேன். "கூந்தலைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கோங்கம்மா, காலர் எடுப்பா தெரியும்" என்று யோசனை வேறு சொன்னேன். போட்டுக்கொண்டாள். அவள் புருஷன் கவனித்துச் சொல்லிவிடுவாரோ என்று ஒரு பயம் இருந்தது. ஆனால் அந்த மனிதர் கல்யாணம் ஆனதிலிருந்து அவள் எதிரில் நின்று திட்டு வாங்கியே பழகியவர், முதுகைப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு எங்கே கிடைத்தது?

ஹாலில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. மீன் விரிப்புக்கு மேல் கேக். பெரியவள் வழக்கம்போல முன்னால் போய், எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, மெழுகுவத்தி ஏற்றக் குனிந்தாள்.

பின்வரிசையில் முதலில் ஒரு செருமல். அப்புறம் ஒரு கிசுகிசு. அப்புறம் அடக்க முடியாத சிரிப்பு. பெரியவள் ஏதோ குழந்தைக் கொண்டாட்டத்துக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று தானும் சிரித்தபடி இன்னும் நன்றாகக் குனிந்தாள். காது மந்தமான மாமனார்தான் போட்டு உடைத்தார். அவருக்கு மெதுவாகப் பேச வராது.

"என்னம்மா, உன் முதுகுல மீனெல்லாம் மல்லாந்து கிடக்கு?"

ஹால் வெடித்தது. பெரியவள் சுவர்க் கண்ணாடிக்கு ஓடி, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு டெய்லரிடம் வந்தபோது அவள் முகம் கேக்கின் மேல் இருந்த செர்ரி நிறத்துக்கு வந்திருந்தது.

"என்னடி இது?"

"துணி பத்தலக்கா" என்றாள் டெய்லர், குரலை உயர்த்தாமல். "பெரியவங்கதானே, ஒட்டுப் போட்டா தெரியவா போகுது?"

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று பெரியவளுக்குத் தெரிந்தது. எனக்கு இதுவே போதும் என்று இருந்தது. இவ்வளவு வருட வயிற்றெரிச்சலுக்கு இது நல்ல மோர்.

அப்போது வாலு போய்ப் பெரியவளின் கையைப் பிடித்தாள். பிள்ளை சிரிக்கவில்லை. யாரும் அதற்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை, என் தலையில் அடித்துச் சத்தியம் செய்வேன். கையை இழுத்து, மேஜை விரிப்பின் ஓரத்தைத் தூக்கிக் காட்டியது.

"பெரியம்மா, இங்க அடியில போயிடுங்க. நான் போன வருசம் இங்கதான் இருந்தேன். காதைப் பொத்திக்கிட்டா இவங்க சிரிக்கிறது கேக்காது. பயப்படாதீங்க, கேக் வெட்டும்போது நான் உங்களைக் கூப்பிடறேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. போன வருடம் சிரித்தவர்கள்தானே அத்தனை பேரும். வேன்காரர் இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை, தன் அண்ணியைப் பார்த்தார். அவள் அந்தச் சின்னக் கையை உதறவும் முடியாமல், பிடித்துக்கொள்ளவும் முடியாமல், பக்கத்தில் இருந்த நாற்காலியில் முதுகை ஒட்டி உட்கார்ந்துவிட்டாள். விருந்து முடிகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

பரிதாபமாக இல்லையா என்று பிற்பாடு சாவிக்காரர் என்னைக் கேட்டார். இல்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். பிள்ளை பரிதாபப்பட்டுவிட்டது, அந்தக் கணக்கு அதோடு முடிந்தது, நான் எதற்குத் தனியாக?

வாலு தன் கேக்கைத் தானே வெட்டினாள். சொன்ன சொல் தவறாமல், வெட்டுவதற்கு முன் "பெரியம்மா, வாங்க" என்று கூப்பிடவும் செய்தாள்.

அடுத்த வருடமும் துணி வந்தது. கிளி இல்லை, மீன் இல்லை, ஒரு பூகூட இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கிற வெறும் மஞ்சள் துணி, தேவைக்கு மேலேயே இருந்தது. போன் வரவில்லை. வாலு தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுல யாருமே இல்லையேம்மா" என்றாள். டெய்லர் சாக்பீஸை எடுத்து, முதலில் அவளுக்குத்தான் கோடு போட்டாள்.