நான் கற்ற முதல் இங்கிலீஷ்

முப்பதுகளின் தொடக்கம். இன்று போர்ட் கிள்ளான் என்கிறார்களே, அந்தத் துறைமுகத்தில் நான் கப்பலைவிட்டு இறங்கிய காலை. பல நாள் கடலில் ஆடிய உடம்புக்குத் தரையும் ஆடுவது போலவே இருந்தது. ரயில்வேயில் வேலை பார்த்த என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. கோலாலம்பூர் ஸ்டேஷனில் நிற்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். கப்பலில் கூட வந்தவர்கள் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டுத் தங்கள் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

ஒரு பெட்டியில் வெள்ளைக்காரத் துரைசானி ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள். ஊரில் ரயிலில் பெண்களுக்குத் தனிப்பெட்டி உண்டு. இதுவும் அதுதான் என்று மகாராணி மாதிரி ஏறி, மெத்தையில் மூட்டையோடு சாய்ந்துகொண்டேன். ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக வந்து பனியில் கரைந்து போயின. எனக்குப் பாதித் தூக்கம், பாதிக் கனவு.

கிள்ளானில் கார்டு ஏறினார். துரைசானி என்னை ஏறிட்டும் பார்க்காமல், "த்ரோ ஹெர் அவுட்" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்தக் குரலின் வெடுவெடுப்பில் மூட்டையை இறுக்கி அணைத்துக்கொண்டேன். இங்கே இறக்கிவிட்டால் பாஷை தெரியாத ஊரில் எங்கே போவேன், என் கணவரை எப்படிக் கண்டுபிடிப்பேன்?

கார்டு யாழ்ப்பாணத் தமிழர். என் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, குனிந்து மூட்டையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

"தங்கச்சி, அங்கால எங்கட பொம்பிளையள் இருக்கினம். அவையோட இருந்தா உங்களுக்குப் பேச்சுத்துணையா இருக்குமெண்டு துரைசானி சொல்லுறா. வாங்கோ."

நான் உருகிப்போனேன். துரைசானியைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் முழித்தாள். மூன்றாம் வகுப்பில் பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்; கோலாலம்பூரில் என்னைப் பத்திரமாக இறக்கிவிடும்படி அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் கார்டு போனார். துரைசானி சொன்ன அந்த இங்கிலீஷ் மறந்துவிடாமல் இருக்க, வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

ஸ்டேஷனிலிருந்து பிரிக்பீல்ட்ஸில் இருந்த எங்கள் வீட்டுக்கு நடக்கும்போது, வந்த அன்றே இங்கிலீஷ் கற்றுக்கொண்டதாகப் பீற்றிக்கொண்டு, கணவரிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். வீட்டுக்கு வருகிறவர்களை இனி இதைச் சொல்லித்தான் வழியனுப்புவேன் என்றேன். அவர் நின்றுவிட்டார்.

"சொல்லித் தொலைக்காத. குப்பைய வெளிய வீசுறதுக்கும் அதான், வேணாத ஆள வெரட்டுறதுக்கும் அதான்."

நடுத்தெருவில் அழுதேன். அவமானத்தில் தொடங்கிய அழுகை, கார்டின் குரல் நினைவுக்கு வந்ததும் வேறு அழுகையாகிவிட்டது. அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு இங்கிலீஷ் எனக்குக் கொஞ்சம் வந்துவிட்டது. ஆனாலும் வாசலில் நிற்கும் யாரையாவது விரட்ட வாயெடுக்கும்போதெல்லாம், அந்த "வாங்கோ" காதில் விழுந்து என் நாக்கு மடங்கிவிடுகிறது.