அண்ணைக்குக் கொடுத்த ஒரு வீடு

நல்ல காரியத்துக்குச் சொன்னால்தான் போவோம். செத்தவீட்டுக்குச் சொல்லாமலே போவோம். எங்கள் பக்கத்து வழக்கம் அது. சொந்த மாமியே ஆனாலும், கலியாணத்துக்கு ஆள் தேடிப் போய் வாயால் சொல்லவேண்டும்.

என் கலியாணத்துக்கு ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த எங்கள் ஐயா, அண்ணைக்கு ஒரேயொரு வீட்டை விட்டுக்கொடுத்தார். கொழும்புத்துறையில் இருந்த மாமி வீடு; மாமி ஐயாவின் தங்கை. "அதையாவது நான் போய்ச் சொல்லுறன்" என்று அண்ணைதான் கேட்டு வாங்கினார்.

அவருக்குப் பதினாலு வயதில் வலிப்புத் தொடங்கியது. ஆஸ்பத்திரி மருந்துப் போத்தலில் அளவுக் காகிதம் ஒட்டி, ஒரு வேளை தவறாமல் குடித்தார். பிறகு விழுங்கக் குளிசையும் சேர்ந்தது. மருந்தைக் கூட்டக் கூட்ட நித்திரை கூடியதே தவிர, வலிப்பு நிற்கவில்லை. ஒரு தரம் கேட்ட தேவாரத்தை அப்படியே திருப்பிப் பாடிய மனிதர், கிணற்றடியில் துலாவைக் காட்டி, "அது... தண்ணி அள்ளுறது" என்று பெயருக்காகத் தவிப்பார். காலையில் சாப்பிட்டதை மத்தியானம் கேட்டால் தெரியாது. வீட்டில் அதைச் சோம்பல் என்றார்கள். நான் ஒரு படி மேலே போய் நடிப்பு என்றேன். எனக்கு அப்போது வாய் நீளம்.

கலியாணத்தன்று மாமி வரவில்லை. "சொல்லாத வீட்டுக்கு எப்பிடி வாறது?" என்று கேட்டாராம். தாலி ஏறிய கையோடு, கூறைச் சேலையுடனேயே அண்ணையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் போனனான். வாசல் படலை திறந்தது ஞாபகமிருக்கு" என்றார்.

"போனால் ஏன் மாமி வரேல்லை? பொய் சொல்லாதேங்கோ அண்ணை!"

சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணை என் முகத்தைப் பார்த்தார்.

"நீ சொன்னால் சரி" என்றார்.

அதற்குப் பிறகு அவர் எதையும் அடித்துச் சொன்னதில்லை. "குளிச்சிட்டியளோ?" என்று கேட்டால், ஈரத் தலையோடு நின்று என் முகத்தைப் பார்ப்பார். நோய் விட்டுவைத்த கொஞ்ச நம்பிக்கையையும் நான்தான் பறித்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நாலு வருடம் கழித்து ஐயா செத்தபோது, மாமி சொல்லாமலே வந்தார். அழுது ஓய்ந்தபின் என்னைக் குசினிக்குள் அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"உன்ரை கலியாணத்துக்கு முதல் கொண்ணன் வந்தவன், பிள்ளை. படலையடியிலை விழுந்து வலிச்சுப்போட்டுது. எழும்பி இருந்து, 'மாமி, நான் ஏன் வந்தனான்?' எண்டு என்னட்டைக் கேட்டான். எனக்குத் தெரியும் ஏனெண்டு. எனக்குக் கலியாணம் சொல்ல வந்தனி எண்டு நானே எப்பிடிச் சொல்லுறது?"

மாமியின் ரோசத்தைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அண்ணை பந்தலுக்குக் கீழே தனியே இருந்தார். பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"நீங்கள் மாமி வீட்டை போனது உண்மை, அண்ணை. நான்தான் பிழை."

எப்போது, எதற்கு என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"நீ சொன்னால் சரி" என்றார்.