என் நாய் போட்ட இரவல் சட்டை

என் காதுகளை மில் தின்றது. தறிப் பகுதியில் வேலை செய்த எவனுக்கும் காது முழுசாக இல்லை. அத்தனை தறிகளும் ஒரே நேரத்தில் அடிக்கும்போது பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் நாங்கள் உதட்டைப் பார்த்தே பேசப் பழகினோம். மேஸ்திரியைத் திட்டுவது, யாருக்குப் பெண் பார்க்கிறார்கள், எந்தக் கொட்டகையில் என்ன படம், எல்லாம் சத்தமில்லாமல் நடக்கும். காது போனது, பிறகு மில்லும் போனது, உதட்டைப் படிப்பது மட்டும் என்னோடு தங்கிவிட்டது. எதிரில் நின்று தமிழில் பேசுகிறவரோடு இன்றைக்கும் எனக்குச் சிக்கலில்லை. இங்கிலீஷ் பேசும் உதடு பிடிபடாது. பின்னாலிருந்து வருவது எதுவாக இருந்தாலும், லாரியாகவே இருந்தாலும், எனக்குத் தெரியாது. காதுக்கு ஒரு மெஷின் கொடுத்தார்கள். மாட்டினால் தறிச் சத்தமே திரும்ப வந்தது, கழற்றி வைத்துவிட்டேன்.

பின்பக்கத்தை நாய் பார்த்துக்கொண்டது. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவிலேயே பிறந்த செவலைப் பெட்டை. யாரும் அதற்குப் பயிற்சி கொடுக்கவில்லை. குக்கர் விசில் அடித்தால் என் மனைவி வாசலில் இருந்து கத்துவாள், நான் அசையமாட்டேன், அவள் இன்னும் கத்துவாள். இந்தக் கூத்தைச் சகிக்க முடியாமலோ என்னவோ, ஒருநாள் நாய் வந்து என் கைலியைப் பிடித்து இழுத்தது. டீக்கடைப் பொறை பிஸ்கட் ஒன்றைப் பிய்த்துப் போட்டேன். அன்றிலிருந்து குக்கர், கதவு, கேஸ்காரர், பின்னால் வரும் வண்டி என்று எல்லாவற்றுக்கும் மூக்கால் என் முழங்காலை இடித்தது. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் நின்று, திரும்பி, கூப்பிட்டவரைப் பார்க்கும். நானும் திரும்புவேன்.

"பொண்டாட்டி கத்துனா திரும்பாத, நாயி இடிச்சா மட்டும் திரும்புயா" என்பாள் அவள். என்ன செய்வது, நாய்க்குத்தான் பக்கத்தில் வந்து சொல்லத் தெரிந்திருந்தது.

ஈ.சி.ஆர். பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவள் படிக்கட்டு பெருக்கித் துடைக்கிறாள். அங்கே பகல் வாட்ச்மேன் வேலை காலியானதும் என்னைச் சொல்லிவிட்டாள். காது கேட்காது என்பதை மறைக்கவில்லை. வீடுகளைக் கட்டி விற்றவர்தான் அப்போது பொறுப்பில் இருந்தார். ஹாரன் சத்தத்துக்கு நாய் என்னை இடிப்பதையும், நான் எழுந்து கேட்டைத் திறப்பதையும் அரைமணி நேரம் நின்று பார்த்தார். "வேல நடந்தா சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வருஷத்துக்கு மேல் வேலை நடந்தது. மில் மூடிய பிறகு நான் பார்த்த வேலைகளில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான். காலையில் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புகிற மனிதனாக மறுபடியும் ஆகியிருந்தேன். அந்த வேலையை விட்டுவிட எனக்கு மனசே இல்லை.

பிறகு குடியிருப்பவர்கள் சங்கம் வைத்தார்கள். செயலாளராக வந்தவர் ஏதோ ஆபீசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற விஷயத்தை அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருந்தது. வந்த வாரமே என் முன்னால் நின்றார்.

"நாய்க்கு லைசென்ஸ் இருக்கா?"

நாய்க்கு லைசென்ஸ் என்று ஒன்று உண்டென்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வெறிநாய்க்கடிக்கு ஊசி போட்டேன், அந்தச் சீட்டை வாங்கினேன். ஸ்டூடியோக்காரர் சிரித்துக்கொண்டே நாயைப் படம் எடுத்துக் கொடுத்தார். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நகராட்சிக்குப் போனேன். அங்கிருந்த அம்மா நல்ல மாதிரி. நான் உதட்டைப் பார்க்கிறேன் என்று புரிந்ததும் நிமிர்ந்து, நிதானமாகச் சொன்னார்.

"ஊசி போட்ட நாயி, உங்க நாயி, அதுக்குத்தாங்க இந்த லைசென்ஸு. அத எங்க கூட்டினு போலாம், கூட்டினு போக்கூடாதுங்கறதெல்லாம் இதுல வராது."

நான் தலையாட்டினேன். ஆனால் நாயின் கழுத்தில் நகராட்சி கொடுத்த லைசென்ஸ் வில்லை தொங்குவதைப் பார்த்த சந்தோஷத்தில், அரசாங்க முத்திரையே வந்துவிட்டது, இனி எவன் கேட்பான் என்றுதான் நினைத்தேன். மில்லில் வில்லை போட்டவனைத்தான் உள்ளே விடுவார்கள். அந்தப் பழக்கம்.

செயலாளர் வில்லையைப் புரட்டிப் பார்த்தார். "இது வீட்ல வளக்கறதுக்கு. டூட்டிக்குக் கூட்டிட்டு வரணும்னா சர்வீஸ் டாக்னு சர்டிபிகேட் வேணும்."

"எங்க சார் குடுப்பாங்க?"

"அது நீங்கதான் விசாரிக்கணும்."

விசாரித்தேன். கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிப் போய்க் காது டாக்டரைப் பார்த்தேன். எனக்குக் காது கேட்காது என்பதற்கு அவர் எத்தனை சீட்டு வேண்டுமானாலும் எழுதத் தயாராக இருந்தார். "நாய்க்கு நான் என்னங்க எழுதறது?" என்றார். கால்நடை டாக்டர், நாய் ஆரோக்கியமாக இருக்கிறது என்று எழுதினார். இந்த வேலைக்கென்றே பழக்கிய நாய்கள் வெளிநாட்டில் உண்டு, இங்கே பெரிய ஊர்களில் எங்காவது இருக்கலாம், தெரு நாயை யார் சோதித்துச் சான்று தருவார்கள் என்றார். என்னைப் பார்த்தவர் நாயைப் பார்க்கவில்லை, நாயைப் பார்த்தவர் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு பேரையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரிந்து எங்கேயும் ஓர் ஆபீஸ் இல்லை.

"நீங்களே சோதிச்சுப் பாருங்க சார்" என்று செயலாளரிடம் கெஞ்சினேன். என் முதுகுக்குப் பின்னால் போய் ஸ்கூட்டர் ஹாரனை அடித்தார். நாய் உடனே இடித்தது, நான் திரும்பினேன். அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை.

"சத்தம் கேட்டா எந்த நாயும் எழுந்திருக்கும்" என்றார்.

நாயை வீட்டில் கட்டிப்போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எரிகிறது. உட்காரவே பயம். ரோட்டையே முறைத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் ஒரு கார் வந்து நின்றிருக்கிறது. எவ்வளவு நேரம் ஹாரன் அடித்தாரோ, காரில் இருந்தவர் இறங்கி வந்து என் சட்டைக் காலரைப் பிடித்துத் திருப்பினார். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். மாடிப்படியில் துடைப்பத்தோடு நின்ற என் மனைவி அதைப் பார்த்துவிட்டு மேலே போய்விட்டாள். அவளை அந்த இடத்தில் நிற்க வைத்ததற்காக எல்லார் மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது.

இரண்டாவது மாடியில் பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. அவளிடம் பொன்னிறத்தில் புஸுபுஸுவென்று ஒரு நாய். முதுகில் சிவப்புச் சட்டை, அதில் வெள்ளையாக இங்கிலீஷ் எழுத்து. அந்த நாய் லிப்டில் போகும், சங்கத்தின் கூட்ட அறையில்கூட ஏசிக்கு அடியில் படுத்துக்கொள்ளும். செயலாளரே குனிந்து அதன் தலையைத் தடவுவார். அது எப்படி என்று அவளிடம் கேட்டேன். அவள் பேச்சில் பாதி இங்கிலீஷ், அதனால் போனில் தமிழில் தட்டிக் காட்டினாள். அவளுக்கு மனசு சரியில்லாமல் போன காலம் ஒன்று இருந்ததாம், நாய் பக்கத்தில் இருந்தால் படபடப்பு அடங்குமாம். எமோஷனல் சப்போர்ட் என்று அதற்குப் பேர், சட்டையில் எழுதியிருப்பதும் அதுதான். உங்கள் நாய் வேலை செய்கிற நாய், என் நாய் கூட இருக்கிற நாய், இரண்டும் வேறு என்று எழுதினாள். கடைசியாக, சட்டை ஆன்லைனில் வாங்கியது, நம் ஊரில் இதற்குச் சட்டம் எதுவும் கிடையாது, ஆனால் போட்டிருந்தால் யாரும் கேட்பதில்லை என்று எழுதிவிட்டுச் சிரித்தாள்.

மறுநாள் பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல மனசோடுதான் கொடுத்தாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் வேண்டாமென்றேன். என் நாய் செய்யாத வேலைக்கு அது ஏன் சட்டை போட வேண்டும்? மனைவி விடவில்லை.

"இன்னாயா பெரிய மானம்? அன்னிக்கு காலரப் புடிச்சானே, அப்ப எங்க போச்சு அது? போடு."

போட்டேன். பெரிய நாயின் சட்டை, என் நாய்க்குத் தொளதொளவென்று தொங்கியது. பக்கத்தில் ஊக்கு குத்தினேன். மறுபடி கேட்டில் உட்கார்ந்தோம். யாரும் எதுவும் கேட்கவில்லை. நாயைக் கண்டால் முன்பு ஒதுங்கிப் போனவர்கள் நின்று தடவினார்கள். குழந்தைகள் பிஸ்கட் போட்டார்கள். செயலாளர் படித்துப் பார்த்துவிட்டு, "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். ஹாரன் அடித்தால் நாய் இடித்தது, நான் திறந்தேன். வேலை பழையபடி நடந்தது, பொய்யான பேரில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்ட அறையில் சங்கத்தார் உட்கார்ந்திருந்தார்கள். அறைக்குக் கண்ணாடிக் கதவு. ஏசி போட்டால் சாத்திவிடுவார்கள். கேட்டிலிருந்து அவர்கள் முகம் தெளிவாகத் தெரியும், செவிடன்தானே என்று யாரும் என் பக்கம் வாயை மறைப்பதில்லை. செயலாளர் பேசிக்கொண்டிருந்தார்.

"நெட்ல பாத்தேன். மனநிலை சரியில்லாதவங்களுக்குத்தான் அந்த நாயை டாக்டர் எழுதித் தருவாங்களாம்."

காலரைப் பிடித்தவர் சொன்னார்: "அப்ப கேட்ல ஒரு பைத்தியத்த உக்கார வெச்சிருக்கோமா? பசங்க விளையாடற இடம் சார்."

"நாய் ஒண்ணும் பிரச்சினையில்ல. ஆளைத்தான் மாத்தணும்" என்றார் செயலாளர்.

அந்தப் பெண்ணும் அங்கே உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில் அதே சிவப்புச் சட்டையோடு அவள் நாய் படுத்திருந்தது. அவளை யாரும் பைத்தியம் என்று சொல்லவில்லை. அவள் குடியிருப்பவள், நான் காவல் இருப்பவன். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், 'நான் கொடுத்த சட்டை அது, அவருக்குக் காதுதான் கேட்காது' என்று. சொன்னால் தன் சட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும் என்று பயந்தாளோ என்னவோ. அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவே இல்லை.

பிறகு செயலாளர் வெளியே வந்தார். என்னிடம் பேசும்போது எல்லோரும் செய்வதுபோல வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"வயசாச்சு. ரெஸ்ட் எடுங்க. நாளைலேர்ந்து வேற ஆள் வரார்."

"சார், எனக்கு மூளை நல்லாத்தான் இருக்குது. காதுதான் இல்ல."

"எல்லாம் ஒண்ணுதான் பெரியவரே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சமாதானம் சொல்கிற முகத்தோடு சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

பிறகு குனிந்து நாயைத் தடவிக்கொண்டே, "இதை வேணும்னா இங்கயே விட்டுட்டுப் போங்க. பசங்களுக்குப் பழகிடுச்சு. லைசென்ஸும் இருக்கே" என்றார்.

நான் ஊக்கைக் கழற்றினேன். சிவப்புச் சட்டையை உருவி நாற்காலியில் போட்டேன். நாய் உடம்பை ஒரு உதறு உதறியது. என் மனைவி படிக்கட்டில் நின்றாள். நான் கூப்பிடவில்லை, அவளும் இறங்கி வரவில்லை. அந்தப் படிக்கட்டை அவள் மறுநாளும் துடைத்தாக வேண்டும், இன்றைக்கும் துடைக்கிறாள்.

ரோட்டுக்கு வந்து கொஞ்ச தூரம் நடந்திருப்போம். நாய் நின்றது. திரும்பி, குடியிருப்புப் பக்கம் பார்த்தது. பிறகு என் முழங்காலை இடித்தது. யாரோ என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். செயலாளராக இருக்கலாம், அந்தப் பெண்ணாகவும் இருக்கலாம். நான் நடந்தேன். அது மறுபடி நின்று இடித்தது. அது இடித்து நான் திரும்பாமல் போனது அன்று ஒருநாள்தான். கயிற்றைச் சுண்டி இழுத்தேன். என் முகத்தைப் பார்த்தது, வாலைத் தாழ்த்தியது, என்னோடு வந்தது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதற்கு அன்றைக்கு என்னிடமிருந்து கிடைத்தது கயிற்றில் அந்த ஒரு இழுப்புதான்.