பாகம் இன்னும் வரவில்லை

துப்பாக்கியைக் கொண்டுவந்து மேசைமேல் வைக்கிறவரிடம், அதற்கு என்ன கோளாறு என்று டெல்மர் ரைஸ்விக் இப்போதெல்லாம் கேட்பதில்லை. "உக்காரு. காபி குடி. வீட்ல எப்படி இருக்காங்க?" என்றுதான் ஆரம்பிக்கிறார். காலை ஆறு மணிக்குப் போட்ட காபி அது. பத்து மணிக்கெல்லாம் தார் மாதிரி ஆகியிருக்கும். வந்தவர் அதை விழுங்கி முடிக்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். வந்தவர் நெளிவார்.

"டெல்மர், சனிக்கிழமை வான்கோழி வேட்டை சீசன் தொடங்குது. ஸ்பிரிங்கை மட்டும் மாத்திக் கொடு, நான் கிளம்பணும்."

"கிளம்பலாம், கிளம்பலாம். ராத்திரி தூக்கம் வருதா உனக்கு?"

வயது அறுபத்தேழு. கொலராடோவின் கிழக்கு ஓரத்தில், கோதுமையும் காற்றும் தவிர வேறெதுவும் ஒழுங்காக வராத ஓர் ஊரில், முப்பத்தொன்பது வருடமாகத் துப்பாக்கி பழுதுபார்க்கிறார். ஒட்டடைக்கோல் உயரம். பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு கடை முழுக்க அதையே தேடுவார். எடுத்துக் கொடுத்தால் கோபம் வரும். மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு ஒமாஹா போய் இருபது வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. மத்தியானத்துக்கு முட்டைக்கோசும் மாட்டுக்கறியும் பொதிந்து சுட்ட ரொட்டி இரண்டு, சர்ச் பெண்கள் செய்வது. முன்பெல்லாம் மூன்றாவதற்கும் கை நீளும். இப்போது ஒன்றில் பாதியைக் கடித்துவிட்டு மீதியைக் காகிதத்தில் சுற்றி எங்கேயோ வைத்து மறந்துவிடுகிறார்.

கடையின் பின்சுவர் நெடுக ஒரு மரத்தாங்கி. அதில் சாய்ந்து நிற்கும் ஒவ்வொரு துப்பாக்கியிலும் ஒரு பழுப்பு அட்டைச் சீட்டு தொங்கும். சீட்டில் மூன்று வரி: பெயர், கோளாறு, திரும்பக் கொடுக்கும் தேதி. இந்த மூன்றாவது வரியில்தான் ஊரின் ரகசியம் இருந்தது.

ஆலங்கட்டி மழையில் பயிரைப் பறிகொடுத்தவன், மனைவி வெளியேறிப்போனவன், மகனைப் புதைத்துவிட்டு வந்தவன், இப்படி யாராவது ஒருநாள் வீட்டிலிருக்கும் துப்பாக்கிகளை எல்லாம் வண்டியில் போட்டுக்கொண்டு வந்து நிற்பான். "சிக்குது" என்பான், தரையைப் பார்த்துக்கொண்டு. ஒன்றும் சிக்காது. டெல்மர் இழுத்துப் பார்க்கவும் மாட்டார். "பாகம் ஆர்டர் பண்ணணும்ப்பா. எப்ப வருமோ தெரியாது" என்பார். தேதி வரியை வெறுமையாக விட்டுச் சீட்டைக் கட்டுவார். மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்து அவன் கொஞ்சம் சதை போட்டு, முகம் மழித்து வருவான். "பாகம் வந்துருச்சா?" "நேத்துதான் வந்துச்சு." அவ்வளவுதான் பேச்சு. இந்த ஊர் ஆண்களுக்கு மனசு சரியில்லை என்று வாயால் சொல்வதைவிட, மயக்க ஊசி இல்லாமல் பல் பிடுங்கிக்கொள்வது எளிது. சொன்னாலும் மனநல மருத்துவர் தொண்ணூறு மைல் தள்ளி இருக்கிறார். பதினோரு வாரம் காத்திருந்தால் பார்க்கலாம்.

அதனால்தான் சிவப்புக் கொடிச் சட்டம் வந்தபோது டெல்மர் கொதித்துப்போனார். ஒருவர் தன்னையோ பிறரையோ கொன்றுவிடுவார் என்று குடும்பத்தாரோ போலீஸோ மனுக் கொடுத்தால், நீதிபதி அவர் துப்பாக்கிகளை உடனே எடுத்துவரச் சொல்லலாம். அவர் தரப்பைக் கேட்பது இரண்டு வாரத்துக்குள். கவுண்டி எனும் மாவட்ட நிர்வாகத்தின் கூட்டத்தில் டெல்மர் எழுந்து நின்றார். "திருடனுக்குக்கூட முதல்ல விசாரணை, அப்புறம்தான் தண்டனை. இங்க முதல்ல பறிப்பாங்களாம், அப்புறம் வந்து நீ பைத்தியம் இல்லேன்னு நிரூபின்னு கூப்பிடுவாங்களாம். நம்ம ஆளுங்களை நாம பாத்துக்குவோம்." கைதட்டலில் கூரை அதிர்ந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ராய்ஸ் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"செத்தப்புறம் விசாரிச்சு என்ன பண்றது டெல்மர்?"

"ஜட்ஜுக்கு எங்கப்பா தெரியும் யாரு சாவான்னு?"

"உனக்குத் தெரியுமாக்கும்."

"தெரியும்" என்றார் டெல்மர். அப்போது அது உண்மையாகத்தான் இருந்தது.

தானியக் கிடங்கை ஒட்டிய காபிக் கடையில் இந்த வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. "உம்மேலயே ஒருத்தன் மனு போட்டா என்ன பண்ணுவே?" என்று ராய்ஸ் சீண்டுவார். "எம்மேல மனு போட வீட்ல யாரு இருக்கா? பூனைகூட இல்ல" என்பார் டெல்மர். எல்லாரும் சிரிப்பார்கள்.

போன அக்டோபரில், மான் சீசனுக்கு முந்தின வாரம், ஆர்டன் வைகல் வந்தார். டெல்மரும் ஆர்டனும் ஆர்டனின் மனைவி லவோனும் பள்ளியில் ஒரே வகுப்பு. கடையில் அன்று வேட்டைக்காரர்கள் கூட்டம். டெல்மருக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆர்டன் ஒரே ஒரு துப்பாக்கியை நீட்டினார். "டிரிக்கர் சிக்குது." டெல்மர் அவசரத்தில் வாங்கி விசையை இழுத்துப் பார்த்தார். பார்த்தால், உண்மையாகவே சிக்கியது. பழைய கிரீஸ் காய்ந்து இறுகியிருந்தது. பன்னிரண்டு நிமிடத்தில் கழற்றிக் கழுவி மாட்டி, சொடுக்கிக் காட்டிக் கையில் கொடுத்தார்.

ஆர்டன் போகவில்லை. "அவ்வளவுதானா? பாகம் எதுவும் வேண்டாமா?"

"பாகமா? வெறும் அழுக்குடா. இனி நாப்பது வருஷம் தாங்கும். அடுத்தது யாருப்பா?"

ஒன்பது நாள் கழித்து லவோன் கோர்ட்டில் மனுக் கொடுத்தார். கவுண்டி போலீஸ் தலைவரான ஷெரிஃப் வந்து வீட்டிலிருந்த ஏழு துப்பாக்கிகளையும் எடுத்துப் போனார். இரண்டு வாரத்தில் விசாரணை. ஆர்டனுக்குக் கோர்ட்டே வக்கீல் வைத்துக் கொடுத்தது. லவோன் தனியாக நின்றார். சாவுக்கு மட்டும் போடும் கோட்டை மாட்டிக்கொண்டு டெல்மர் சாட்சிக் கூண்டில் ஏறினார். "ஐம்பது வருஷமா அவனைத் தெரியும். இந்த ஊர்ல மனசு சரியில்லாதவன் துப்பாக்கியை எங்கிட்டக் கொண்டுவந்து விட்டுருவான். ஆர்டன் விடலை. அவன் நல்லாத்தான் இருக்கான்." சரிபண்ணிக் கொடுத்தனுப்பியது அவர் நினைவிலேயே இல்லை. நீதிபதி நிதானமானவர்; எல்லாரையும் பொறுமையாகக் கேட்டார். ஆதாரம் போதாது என்றார். முறைப்படி நடக்க வேண்டியதெல்லாம் முறைப்படி நடந்தது. ஏழு துப்பாக்கிகளும் வீடு திரும்பின. கோர்ட்டுப் படியில் டெல்மர் நண்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பதினேழாம் நாள் ஆர்டன் டிராக்டர் கொட்டகையில் தன்னைச் சுட்டுக்கொண்டார்.

கல்லறையில், பெட்டியை இறக்கும்போதுதான் டெல்மருக்கு அந்தக் குரல் கேட்டது. பாகம் எதுவும் வேண்டாமா? கயிறு கையை விட்டு நழுவப் பார்த்தது. பக்கத்திலிருந்த ராய்ஸ் பிடித்துக்கொண்டார்.

அதிலிருந்து அந்தக் கடைக்குள் போன துப்பாக்கி எதுவும் வெளியே வருவதில்லை. ஸ்பிரிங் உடைந்ததோ கட்டை விரிசல்விட்டதோ, எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு, தேதி இல்லாத சீட்டு. நாற்பத்து மூன்று நிற்கின்றன. ஊரார் திட்டித் தீர்த்துவிட்டு அடுத்த ஊர்க் கடைக்குப் போகிறார்கள். "எங்களை ஒரு வார்த்தை கேக்காம எல்லாத்தையும் பறிச்சு உள்ள வெச்சிருக்கியே, இதுக்கு எந்தச் சட்டம்டா?" என்றார் ராய்ஸ். டெல்மர் சிரிக்கவில்லை. தாங்கியில் சேராதது ஒன்றே ஒன்று: நாற்காலிக்குப் பின்னால் சுவரோரம் நிற்கும் அவருடைய சொந்தத் துப்பாக்கி. இரண்டு வருடமாகச் சுடாத அதைத் தினமும் எடுத்துத் துடைக்கிறார்.

போன புதன்கிழமை மத்தியானம் லவோன் வந்தார். அடக்கத்துக்குப் பிறகு அந்தக் கடைக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான். கையில் கவுண்டியின் நோட்டீஸ். சிவப்புக் கொடிச் சட்டத்தை இங்கே நிறைவேற்ற வேண்டாம் என்று ஷெரிஃபைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானம், மறுநாள் கூட்டத்தில்.

"நாளைக்குப் பேசப் போறியா?"

"என் பேரைப் போட்டிருக்காங்க." டெல்மர் பென்சிலைத் தேடினார். "கேக்காம ஒருத்தன் பொருளை எடுக்கறது தப்பு லவோன். இன்னைக்கும் எனக்கு அப்படித்தான் தோணுது. என்ன பண்ணச் சொல்றே?"

"கோர்ட்டுல அவனைத்தான் கேட்டாங்களே. நீ பதில் சொன்னே."

காற்று கதவை ஆட்டிக்கொண்டிருந்தது. டெல்மர் பென்சில் தேடுவதை நிறுத்தினார். "ஒண்ணு சொல்லணும். அவன் வந்தான், லவோன். அக்டோபர்ல. சிக்குதுன்னான். நான்... சரிபண்ணிக் கொடுத்துட்டேன்."

"தெரியும்."

டெல்மர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான்தான் அனுப்பினேன். மூணு நாள் கெஞ்சினேன். ஒண்ணே ஒண்ணு கொண்டுபோய்க் கொடு, டெல்மருக்குப் புரியும், மிச்சத்தை அவனே வந்து எடுத்துக்குவான்னேன்." அவர் குரல் உயரவில்லை. "ஒரு மணி நேரத்துல திரும்பி வந்தான். டெல்மர் சரிபண்ணிட்டான்னான். வேற வழி தெரியாமத்தான் கோர்ட்டுக்குப் போனேன். அங்கயும் நீதான் நின்னே."

ஒரு மனிதனுக்குத் தாங்கக்கூடியது இவ்வளவுதான் என்று ஓர் அளவு இருந்தால், அது அந்த நிமிடம் நிரம்பிவிட்டது. லவோன் நோட்டீஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினார்.

"லவோன்."

அவர் நின்றார். டெல்மர் நாற்காலிக்குப் பின்னாலிருந்த துப்பாக்கியை எடுத்து மேசையின் குறுக்கே வைத்தார். ஒரு பழுப்புச் சீட்டை எடுத்தார். முதல் வரியில் தன் பெயரை எழுதினார். மூன்றாவது வரியில் எதுவும் எழுதவில்லை. சீட்டைத் துப்பாக்கியில் கட்டினார்.

"சிக்குது" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

லவோன் அந்தச் சீட்டைப் படித்தார். பிறகு கழுத்தில் சுற்றியிருந்த கம்பளித் துணியை அவிழ்த்துத் துப்பாக்கியை அதில் சுற்றினார். விசையைத் தொட்டுப் பார்க்கவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போனார்.