விலை மட்டும் தெரிந்த மராத்தி

போன வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை. பாரிஸ் லாச்சப்பலில், ரூ காய் என்கிற தெருவில் இருக்கிற மரக்கறிக் கடை ஒன்றில் நான் வேலை செய்கிறேன். கோயிலுக்குப் போகிற சனம் மத்தியானமே வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டது. நான் வாசல் தட்டில் கொத்தமல்லி அடுக்கிக்கொண்டு நின்றேன்.

பக்கத்தில் ஒரு வயசானவர். தலையில் வெள்ளைத் தொப்பி, குளிர் ஜாக்கெட், கையில் துணிப்பை. பை வெறுமை. கனநேரமாக நின்றார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. கண் மட்டும் ரோட்டின் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது.

முதலாளி போய்க் கேட்டார். தமிழ் விளங்கவில்லை. பிரெஞ்சும் இல்லை. முதலாளியின் ஹிந்தி, படம் பார்த்துப் பழகினது. அதை எடுத்து விட்டார். வில்லன் கதைக்கிற மாதிரி இருந்திருக்க வேணும். மனிதர் பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு பின்னுக்குப் போனார். தண்ணி கொடுத்தோம். வாங்கவில்லை.

"வழி தவறின ஆள் போல. பொலிசுக்கு அடிப்பம்," என்றார் முதலாளி.

பொலிஸ் என்ற சொல் மட்டும் அவருக்கு விளங்கிவிட்டது. பார்வையை வேறு பக்கம் திருப்பினார். அது கொத்தமல்லி விலை எழுதின மட்டையில் போய் நின்றது. தனக்குள்ளே சொன்னார்.

"கிதி மஹாக்!"

இவ்வளவு விலையா என்று அர்த்தம். மராத்தி.

எனக்கு மராத்தி தெரியும் என்று சொல்ல முடியாது. பிரான்சுக்கு வருவதற்கு முதல், ஏஜென்சிக்காரன் எங்களைப் பம்பாயில் ஒரு அறையில் கனகாலம் வைத்திருந்தான். சமையல் என் பொறுப்பு. சந்தை மரக்கறிக்காரிகளோடு சண்டை பிடித்துப் பழகின பாஷை அது. விலை கேட்பேன். கூட என்பேன். கட்டாது என்று திரும்பி நடப்பேன். பின்னாலே கூப்பிடுவார்கள். அவ்வளவுதான். சுகமா இருக்கிறீங்களா என்று கேட்க இன்றைக்கும் தெரியாது.

ஆனால் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஹோ காக்கா. பார் மஹாக். பரவடத் நாஹி." ஓம், சரியான விலை, கட்டுபடியாகாது.

மனிதர் என் கையைப் பிடித்தார். ஆண், பெண் என்று பார்க்கவில்லை.

காசுப்பெட்டியில் நின்ற பிள்ளை எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, மனுசனைப் போய்க் காக்கா எண்டுறியள்?"

"சித்தப்பா எண்டு அர்த்தமடி. பேசாமல் நில்."

மராத்தி கொட்டத் தொடங்கியது. எனக்குப் பிடிபட்டது கொஞ்சம். மகன் விமான நிலையத்தில் வேலை. மருமகளும் வேலை. போன் வீட்டில். வீட்டுக்குப் பக்கத்துக் கடைகளில் எல்லாம் விலை கூட. "லூட் ஆஹே, லூட்!" கொள்ளை என்கிறார். ஒரு ஞாயிறு மகன் இங்கே கூட்டிவந்து, இங்கேதான் மலிவு என்று காட்டியிருக்கிறான். இன்றைக்குத் தனிய ரெயில் ஏறி வந்துவிட்டார். வரத் தெரிந்தது. திரும்பத் தெரியவில்லை.

பிறகு சுவர் மணிக்கூட்டைக் காட்டினார். கையை இடுப்புக்குக் கீழே தாழ்த்திக் காட்டினார். "நாத். ஷாளா." பேத்தி. பள்ளிக்கூடம். விடுகிற நேரம் அவர்தான் போய் எடுக்க வேணும்.

தெரிந்த ஆள் வராமல் இங்கே சின்னப் பிள்ளைகளை வெளியே விடமாட்டார்கள். எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு அந்தப் பிள்ளை தனிய இருந்து வாசலைப் பார்க்குமே.

வீடு எங்கே என்று கேட்டேன். பாரிஸ் என்றார். பாரிசுக்குள் எங்கே போய்த் தேடுவது?

எனக்குக் கேட்கத் தெரிந்தது விலைதான். அதையே கேட்டேன். வெண்டிக்காய் வீட்டுக்குக் கிட்ட என்ன விலை? "பேண்டி காய் பாவ்?" சொன்னார். தக்காளி? சொன்னார், திட்டினார். கொத்தமல்லி? முகம் மாறியது.

"புகட்!" என்றார். சும்மா. இனாம்.

பம்பாயில் மரக்கறி வாங்கினால் கொத்தமல்லி ஒரு பிடி சும்மா போடுவார்கள். போடாவிட்டால் கேட்டு வாங்குவோம். பாரிசில் ஆர் போடுகிறார்கள்? எனக்குத் தெரிய ஒரே ஒருவர். பாரிசுக்குப் பக்கத்து ஊரான பொண்டியில், சந்தையில் ஒரு அல்ஜீரியாக்காரர். பெரிய மீசை. பாட்டுப் பாடித்தான் விற்பார். நான் இருக்கிறதும் பொண்டியில். அந்த ஒரு பிடிக்காக நானும் அவரிடம்தான் வாங்குகிறேன்.

மீசையை விரலால் கீறிக் காட்டினேன். அந்தப் பாட்டை மூக்கால் இழுத்தேன். காக்கா வாய்விட்டுச் சிரித்தார். "ஹோ! ஹோ!"

"முதலாளி, இவர் பொண்டி. நான் கூட்டிக்கொண்டு போறன்."

"பின்னேரச் சனம் வாற நேரமக்கா..." என்று தொடங்கினவர் அந்த முகத்தைப் பார்த்தார். "ஓடுங்கோ, ஓடுங்கோ."

ரெயிலில் அவர் என் கையை விடவில்லை. ஆறுதல் சொல்ல எனக்கு அந்தப் பாஷையில் சொல் இல்லை. அவருடைய ஊரில் வெங்காயம் என்ன விலை என்று கேட்டேன். சொன்னார். உள்ளி? சொன்னார். கத்தரிக்காய்? பொண்டி வரும்வரை மரக்கறி எல்லாம் கேட்டு முடித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எங்களை யாவாரிகள் என்று நினைத்திருப்பார்கள்.

இறங்கி, சந்தைத் திடலைக் கண்டதும் என் கையை விட்டார். பிறகு அவர் முன்னுக்கு, நான் பின்னுக்கு. அவருடைய நடைக்கு நான் ஓட வேண்டியிருந்தது.

பள்ளிக்கூட வாசலில் ஒரு தாயும் இல்லை. மணியை அடித்தோம். டீச்சர் திறந்தார். உள்ளே மர வாங்கில் இருந்தபடி ஒரு சின்னப் பெண், வாய் நிறைய பிஸ்கட். அழவில்லை. தாத்தாவைக் கண்டதும் பிரெஞ்சில் ஏசத் தொடங்கினாள், ஏன் பிந்தினாய் என்று. அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. தலையை ஆட்டி ஆட்டி அவளுடைய ஜாக்கெட்டுக்குப் பொத்தான் பூட்டினார். எல்லாம் மாறி மாறி விழுந்தது.

தாய் தகப்பனுக்கு இப்போதுதான் போன் எடுக்க இருந்தேன் என்றார் டீச்சர். நான் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டேன்.

போகும்போது அவர் விரலை உதட்டில் வைத்தார். மகனுக்குச் சொல்லவேண்டாமாம். அந்த மகன் ஆரென்றே எனக்குத் தெரியாது. சரி என்று தலையாட்டினேன்.

கடையில் விலை கூட என்று முறுமுறுக்கிற ஆட்கள் தினமும் வருவார்கள். இப்போது நான் கை வேலையை வைத்துவிட்டு நின்று கேட்கிறேன். விலையில் தொடங்குகிற மனிதருக்கு அதற்குப் பிறகு சொல்ல இன்னும் ஏதோ இருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.