அசனத்தன்று நான் நிலைநாட்டிய ஒழுங்கு

பகல் பன்னிரண்டு பத்துக்குத் தண்ணீர் கேன் வண்டி பின்வாசலுக்குப் பதிலாக முன்வாசலில் வந்து நின்றது. எல்லாம் கெட ஆரம்பித்தது அப்போதுதான். எனக்கோ வண்டி சீக்கிரம் வந்துவிட்ட சந்தோஷம்.

அன்று எங்கள் வில்லாபுரம் சபையில் அசனம். வருடத்துக்கு ஒரு முறை ஆராதனை முடிந்ததும் சபையார் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து கறிசோறு சாப்பிடும் நாள். முந்தைய வருடங்களில் பந்திக்குத் தள்ளுமுள்ளுதான். சாப்பிடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் நின்று, இவர்கள் எப்போது இலையை மடிப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த முறை பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். காரணம், நான் கிரேக்கம் படித்தவள். படித்தவள் என்றால், பசுமலையில் சபையாருக்காக நடந்த சனிக்கிழமை வகுப்புக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் போய்வந்தவள். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். அதற்கே வீட்டில் என்னோடு யாரும் வேதம் பேச முடியாமல் போய்விட்டது.

எனக்குப் பிடித்த சொல் தாக்சிஸ். ஒழுங்கு. ஆளாளுக்கு ஒரே நேரத்தில் பேசிய கொரிந்து சபைக்கு, எதையும் ஒழுங்காகச் செய்யச் சொல்லி அப்போஸ்தலன் எழுதும் இடத்தில் வருகிற சொல். சிப்பாய்கள் அவரவர் இடத்தில் அணிவகுத்து நிற்பதற்கும் கிரேக்கர்கள் அதைத்தான் சொன்னார்களாம். ஓர் ஆசாரியன் தன் முறை வந்தபோது ஆலயத்தில் பணி செய்ததைச் சொல்லும் இடத்திலும் அதே சொல் இருக்கிறது, முறை முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போய்விடுவான் என்றும் வகுப்பில் விளக்கினார்கள். அந்த நேரம் நான் நோட்டின் ஓரத்தில் சிப்பாய்களைப் படம் வரைந்துகொண்டிருந்தேன்.

அசனத்தன்று காலையில், பரிமாற வந்தவர்களை வரிசையாக நிறுத்தி யார் எங்கே என்று பிரித்தேன்.

"மதினி, சோறு போடத்தான கூப்பிட்டீக, இல்ல சண்டைக்கா?" என்றார் சாம்பார் வாளிக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். பின்னே, சிரிப்பவர்களுக்கா ஒழுங்கு புரியும்?

ஏழாவது படிக்கும் என் மகளைப் பின்வாசலில் நிறுத்தினேன். தண்ணீர் வண்டி வந்தால் கேட்டைத் திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

"எம்புட்டு நேரம்மா நிக்கணும்?"

"நான் வந்து மாத்துற வரைக்கும். யார் கூப்பிட்டாலும் அசையக் கூடாது. அதான் தாக்சிஸ்."

"நீ வரலைன்னா?"

"வராம எங்கடி போவேன்?"

வண்டி முன்வாசலில் வந்ததும் கேன்களை அங்கேயே இறக்கச் சொன்னேன். பின்வாசல் இனித் தேவையில்லை. அங்கே போகும் சந்து அடுப்பை ஒட்டியது. அண்டாவை எட்டிப் பார்க்க ஆட்கள் நுழைவார்கள். குறுக்கே பெஞ்சைப் போட்டு, பெரியவர் ஒருவரை உட்காரவைத்து, யாரையும் விடாதீர்கள் என்றேன். பின்வாசலில் நிற்கிற பிள்ளை மட்டும் என் நினைவிலேயே இல்லை.

முதல் பந்தி சத்தமில்லாமல் முடிந்தது. "இம்புட்டு அமைதியா ஒரு அசனத்தப் பாத்ததே இல்லம்மா" என்றார் போதகர். நான் அவருக்கே தாக்சிஸை விளக்கினேன்.

இரண்டாம் பந்தியில் என் கணவர் ரசவாளியோடு வந்து கேட்டார்: "பாப்பா சாப்ட்டாளா?"

"பிள்ளைகளுக்குத்தான முத பந்தி? சாப்ட்டிருப்பா."

"நீ பாத்தியா?"

அவளுடைய தோழிகளைக் கேட்டோம். "அவ பந்திக்கு வரவே இல்லையே ஆன்ட்டி."

அதற்குப் பிறகு நான் செய்த எதிலும் ஒழுங்கு கிடையாது. ஓய்வுநாள் பள்ளி அறை, கழிப்பறை, காரின் அடி, பாடகர் குழு அங்கி தொங்கும் அலமாரி. மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டேன், குரல் கிழிந்தது. பின்பக்கம் ஓடிய ஜெனரேட்டர் அதை விழுங்கியது எனக்குத் தெரியாது. செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடினேன். பஸ்ஸும் லாரியும் எப்போதும்போலப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு சக்கரத்தையும் பார்த்தேன்.

"பின்னாடி பாத்தீகளா மதினி?" என்று சாம்பார் வாளிக்காரர் கேட்டார்.

"பின்னாடி போக வழியே இல்லண்ணே. பெஞ்சு போட்டு ஆள் வச்சிருக்கேன்."

நம்பிவிட்டார். சபையே நம்பியது. என் வார்த்தைக்கு அத்தனை மதிப்பு அன்றைக்கென்று பார்த்தா வரவேண்டும்! மூன்றாம் பந்திக்குப் போட்ட இலைகள் காற்றில் புரண்டன. இளைஞர்கள் பைக்கை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போனார்கள்.

"ஸ்டேஷனுக்குப் போயிருவமா?" என்றார் கணவர், மெதுவாக. அந்தச் சொல்லைக் கேட்டதும் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஜெபிக்க வாய் திறந்தால் அம்மா, அம்மா என்றுதான் வந்தது, தமிழில்.

அப்போது சந்துப் பக்கம் சத்தம் கேட்டது. பெஞ்சில் இருந்த பெரியவர் மறிக்க மறிக்க, அதைத் தாண்டிக் குதித்து ஒருவர் வந்தார். தண்ணீர் வண்டிக்காரர். காலிக் கேன்களை எடுக்க இந்தத் தடவை பின்வாசல் வழியாக வந்திருக்கிறார்.

"யக்கா, பின் கேட்டுல நிக்கிறது உங்க பாப்பாவா?" என்றார். "நல்லாத்தான் தொறந்துவிட்டுச்சு. வெயில்ல நிக்காத தாயி, உள்ள போய்ச் சாப்புடுன்னா, எங்கம்மா வந்து மாத்துனாத்தான் வருவேன்னு அழுகுது. உங்களுக்கு ஆள் இல்லைன்னா சொல்லுங்க, செத்த நேரம் நான் வேணா நிக்கிறேன்."